அறை ஒலி, ஒரு நிமிடம்

முதல் கோப்பு. இரண்டாயிரத்து ஒன்பது, ஜூலை.
ஊபி தொழிற்பேட்டை, ஐந்தாம் மாடி, மூலை அலகு.
யாரும் பேசவில்லை.
காட்சி முடிந்ததும் ஒரு நிமிடம்
எல்லோரும் மூச்சடக்கி நிற்கவேண்டும்,
அறையின் சும்மாவை நான் பிடித்துக்கொள்ள.
பிறகு வசனங்களுக்கு இடையில் பூச அது தேவைப்படும்,
ஓடுகளுக்கு நடுவே சிமெண்டு போல.

அந்த முதல் சும்மாவிலேயே
பக்கத்து அலகில் பிஸ்கட் பொட்டலமிடும் இயந்திரம்
டக் டக் டக்.
"கதாநாயகிக்கு இதயத்துடிப்பு இலவசம்"
என்றான் மாசிலாமணி.

அவனுக்குக் கேமரா. எனக்கு ஒலி.
ஜைத்தூனுக்கு மிச்சமெல்லாம்:
கதை, கணக்கு, வாடகை, வங்கியில் போய்ச் சிரிப்பது.
பெயர் வைக்க உட்கார்ந்த இரவு
மின்தூக்கி பழுது. ஆகவே
படிக்கட்டுப் படங்கள்.
படிக்கட்டு விற்கிறீர்களா என்று
ஒருவர் தொலைபேசியில் விலை கேட்டார்.

பாய லேபார் தளத்திலிருந்து போர்விமானம் கிளம்பும்.
காதலைச் சொல்ல வந்த நடிகர்
திறந்த வாயோடு காத்திருப்பார்,
வானத்தைக் கிழித்து முடிக்கும்வரை.
இரண்டு விமானங்களுக்கு இடையில்
பேசி முடிக்கும்படி எழுதக் கற்றாள் ஜைத்தூன்.
எங்கள் பாத்திரங்கள் சொற்சிக்கனம் உள்ளவர்கள் என
ஒரு விமர்சகர் பாராட்டினார்.
அந்தப் பெருமை பயிற்சி விமானிகளைச் சேரும்.

சோறு போட்டது வேறு படங்கள்.
'மின்தூக்கியில் சிக்கிக்கொண்டால் பதறாதீர்கள்',
நான்கு மொழிகளில்.
நான்கிலும் மாசிலாமணியே பதறாமல் நின்றான்.

'நனையாத தளம்' எங்கள் முதல் முழுநீளம்.
திரையிடலுக்குப் பதினேழு பேர்.
ஒன்பது பேர் படத்திலேயே இருந்தவர்கள்.
ஒருவர் அரங்கு மாறி வந்தவர்,
கடைசிவரை இருந்து கேட்டவரும் அவர்தான்:
"அந்தப் பெண் கதவைத் திறந்தாளா இல்லையா?"
ஜைத்தூன் சொன்னாள்,
"எங்களிடம் இருந்தது ஒரே கதவு.
அதுவும் இரவல்."

முப்பத்தொன்றாம் கோப்பு,
இருபத்தொன்பதாவது நொடியில் ஒரு மூக்குறிஞ்சல்.
யாருடையது என்று நான் கேட்கவில்லை.
மானியக் குழுவின் கடிதம் வந்த நாள் அது,
'வருந்துகிறோம்' என்று ஆரம்பித்தது.
வடிகட்டாமல் படத்தில் விட்டுவிட்டேன்.
இரண்டாம் படம், சமையலறைக் காட்சி.
நீங்கள் கேட்டிருக்கலாம்.
கேட்டிருக்கமாட்டீர்கள்.

மாசிலாமணி ஜொகூருக்குப் போனான்.
ஒரு லென்ஸுக்காகச் சண்டை.
லென்ஸுக்காக இல்லை.
அவன் நாற்காலியை யாரும் நகர்த்தவில்லை, பிறகு
அதன்மேல் கேபிள்களைப் போட ஆரம்பித்தோம்.

தீவே வீட்டுக்குள் இருந்த ஏப்ரல்.
டிஸ்குகளை எடுக்கத் தனியாகப் போனேன்.
இயந்திரம் நின்றிருந்தது. வானம் காலி.
பதினோரு வருடத்தில் முதன்முறையாக
மாசில்லாத ஒரு நிமிடம்.
ஆசையோடு பதிந்தேன்.
எங்கள் எந்தப் படத்திலும் அது ஒட்டவில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டு. கடைசி.
அலகை முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவந்து
ஒப்படைக்கவேண்டும், ஒப்பந்தம் அப்படி.
சுவரின் நுரைப் பலகைகளைப் பிய்த்தோம்,
ஆணித் துளைகளை அடைத்தோம்,
வெள்ளை அடித்தோம்.
நாங்கள் வராதிருந்த நிலை அதுதான் போல.
சொன்ன சொல் இரண்டாகத் திரும்பி வந்தது.

மைக்கை நிறுத்தி ஜைத்தூனைப் பார்த்தேன்.
டக் டக் டக். பழைய நண்பன்.
பதினெட்டாவது நொடியில்
சரிபார்க்கும் பட்டியலோடு உள்ளே வந்தார்
கட்டட அதிகாரி திரு. குவெக்.
"என்ன செய்..."
ஜைத்தூன் ஒரு விரலை உயர்த்தினாள்.
அவர் அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு
அப்படியே நின்றார்.

நாற்பதில் விமானம்.
யாரும் கட் சொல்லவில்லை.
நிமிடம் முடிந்தும் திரு. குவெக் அசையவில்லை.
முகம் சிவந்திருந்தது.
"இப்போது மூச்சு விடலாமா?"

நான் இன்னும் நிறுத்தவில்லை.
அதுவும் பதிவாகியிருக்கிறது.